கிளை நூலகத்தின் சனிக்கிழமைக்கும் கொஞ்சம் நிதி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இரண்டைப் பற்றியும் உங்கள் நாளிதழில் அடிக்கடி படத்தோடு செய்தி வருகிறது. புத்தகத்துக்காக அரசு அவ்வளவு பெரிய கட்டடங்களைக் கட்டியிருப்பதில் எனக்கும் பெருமைதான், என் பிள்ளைகளை மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டியும் வந்தேன். ஆனால் டெல்டாவில் ஒரு சின்னப் பேரூராட்சியில் இருக்கிற எங்களுக்கு நூலகம் என்றால் அது கடைத்தெருவில் இருக்கிற கிளை நூலகம்தான். அங்கே வாராவாரம் என்னென்னவோ நல்ல காரியங்கள் நடக்கின்றன. அவற்றைப் பற்றி எங்கேயும் ஒரு வரி வருவதில்லை, அவற்றுக்கென்று யாரும் ஒரு ரூபாய் ஒதுக்குவதும் இல்லை. அந்த ஒரு ரூபாயைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் நூலகத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். காலையில் நூலகர் மேடம் கதவைத் திறப்பதில் இருந்து ராத்திரி பூட்டிவிட்டு பஸ் ஏறுவது வரைக்கும் என் கண் முன்னால்தான். வாசகர் வட்டத்திலும் உறுப்பினராக இருக்கிறேன். "இப்பல்லாம் லைப்ரரிக்கு யாருங்க போறா, எல்லாரும் போனைத்தான் பாக்குறாங்க" என்று என் கடையிலேயே உட்கார்ந்து சொல்பவர்கள் உண்டு. அவர்களிடம் சனிக்கிழமை மத்தியானம் ஒருதரம் வாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

கிளை நூலகம் மத்தியானம் சில மணி நேரம் மூடியிருக்கும், காலையில் ஒரு பொழுது, சாயங்காலம் ஒரு பொழுது என்றுதான் வேலை நேரம். அந்த இடைவெளியில்தான் எங்கள் ஊரில் சனிக்கிழமைக் கதை நேரம் நடக்கிறது. பேப்பர் படிக்கிற பெரியவர்களுக்குத் தொந்தரவு இருக்காது என்பதால் அந்த நேரம். மேடம் சாப்பாட்டு டப்பாவை அங்கேயே திறந்து அவசரமாக முடித்துக்கொண்டு, நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்துவிடுவார். இருபது பிள்ளைகள் வரும், மழை நாளில் ஏழெட்டு. பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கம் என்று நுழை, நட, ஓடு, பற என நாலு படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டதே, அவற்றில் சிலவற்றைப் பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவர் எடுத்து வருவார். வெட்டி மீந்த லைனிங் துணியில் நான் விரல் பொம்மைகள் தைத்துக் கொடுத்திருக்கிறேன். நரி, காக்கா, ஒரு பாட்டி, ஒரு முதலை. முதலைக்குத்தான் எப்போதும் சண்டை.

ஒரு சனிக்கிழமை பார்த்ததைச் சொல்கிறேன். புத்தகத்தை ஆளுக்கு ஒரு பக்கமாக வாசித்துக்கொண்டே வட்டமாகக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒன்று எழுத்துக்கூட்டித் தன் பக்கத்தை முடித்துவிட்டுத் தம்பியிடம் தந்தது. அவனுக்கு இன்னும் எழுத்து தெரியாது. அவன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதில் இருந்த ஆடு ஏன் கிணற்றை எட்டிப் பார்க்கிறது என்று சொந்தமாக ஒரு கதை சொல்ல ஆரம்பித்தான். "தப்பு, தப்பு, அப்படி இல்லை" என்று எல்லாப் பிள்ளைகளும் கத்தின. மேடம் கையைக் காட்டி, "இருங்கப்பா, இவன் கதையையும் கேப்போம், அப்புறம் புத்தகத்துக் கதை என்னன்னு பாப்போம்" என்றார். அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கவில்லை. பேசவே கூச்சப்படுகிற பிள்ளை அவன், அவன் அம்மா என்னிடம்தான் துணி தைக்கிறார், அதனால் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவன் ஒரு சனிக்கிழமையும் விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேறு கூட்டம். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதுகிற பெண்களும் பையன்களும். கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ கோச்சிங் போக வசதி இல்லாதவர்கள், போக வசதி இருந்தும் வீட்டில் விடாத பெண்கள். இந்தப் பெண்களுக்கு நூலகம் என்றால் மட்டும் வீட்டில் சரி என்று சொல்லிவிடுகிறார்கள், அந்த ஒரு சலுகைக்காகவே அந்தக் கட்டடத்தைக் கும்பிடலாம் என்று எனக்குத் தோன்றும். தேர்வு நடக்கிற மாதிரியே 9.30க்கு ஆரம்பித்து 12.30க்கு முடிகிற மாதிரித் தேர்வு வைக்கிறார்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் நூறு கேள்வி தமிழ். தமிழில் நாற்பது சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால் அந்தப் பகுதிக்குத் தனியாகப் பயிற்சி. கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டத்தை எப்படி நிரப்புவது என்பதற்கே ஒரு வாரம் போகிறது, ஏனென்றால் வீட்டில் படித்துவிட்டு நேராகத் தேர்வு மையத்துக்குப் போகிற பிள்ளைகள் அந்தத் தாளைக் கையில் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். போன தடவை தேறி இளநிலை உதவியாளராக வேலைக்குப் போன ஒருவர் லீவில் வரும்போதெல்லாம் கணக்கு சொல்லித் தருகிறார், சம்பளம் இல்லாமல். விடைத்தாள் ஜெராக்ஸ் மட்டும் ஒவ்வொரு முறையும் யார் தலையிலாவது விழும்.

அப்புறம் நூலக நண்பர்கள். நூலகத்துக்கு நடந்து வர முடியாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டு போகிற திட்டம், சில ஆண்டுகளுக்கு முன் அரசே தொடங்கியது. எங்கள் ஊரில் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் செய்கிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருக்கிற ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவருக்கு வாரம் மூன்று புத்தகம் போகிறது, திரும்பி வரும்போது ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத்தாள் இருக்கும், பிடித்ததா இல்லையா, ஏன் என்று நாலு வரி. பையன்கள் அதைப் படித்துவிட்டுத் தாங்களும் அந்தப் புத்தகத்தை எடுக்கிறார்கள்.

வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை கூடும். முன்பெல்லாம் யாராவது ஒருவர் மைக் பிடித்துப் பேச, மற்றவர்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்பார்கள், அது உண்மை. இப்போது மாற்றிவிட்டோம். ஊர்க்காரர்களையே பேசச் சொல்கிறோம். மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் போடுகிற விவசாயி ஒருவர் வந்து விதை நெல்லைக் கைப்பிடி கைப்பிடியாக மேஜையில் பரப்பிவைத்துப் பேசினார். அலமாரியில் இயற்கை வேளாண்மை என்று ஒரு வரிசையே உண்டு, தூசி தட்டக்கூட யாரும் தொட்டதில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அந்த வரிசைக்குக் காத்திருப்புப் பட்டியல் போட வேண்டியதாயிற்று. வட்ட சட்டப் பணிகள் குழுவில் இருந்து வக்கீல்கள் வந்து இலவச சட்ட உதவி யாருக்கெல்லாம் உண்டு என்று சொல்லிவிட்டுப் போன மாதம், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் முதன்முதலாக நூலகப் படியேறினார்கள். பெண் என்றால் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார் என்று 1987ஆம் வருடத்துச் சட்டத்திலேயே இருக்கிறதாம். அன்று இதைக் கேட்டுவிட்டு எத்தனை பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதில் நாலைந்து பேர் உறுப்பினராகவும் சேர்ந்தார்கள்.

நூலக அறிவியல் என்ற துறைக்கே நம் நாட்டில் தந்தை என்று சொல்லப்படுகிற எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர், எங்கள் பக்கத்து ஆள். அவர் 1931இல் சொன்ன ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. அந்த வேளாண்மை வரிசைக்கு வாசகர் கிடைத்தது ஒரு கூட்டத்தால்தான். புத்தகத்தை வாங்கி எண் போட்டு அடுக்கிவிட்டால் மட்டும் அது நடக்காது. அதே 1931இல்தான் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் இருந்து கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அந்த வண்டிக்கும் மாட்டுக்கும் தீனிக்கும் யாரோ பணம் தந்திருக்கிறார்கள் இல்லையா? எங்கள் சனிக்கிழமைக்கு யார் தருவது?

இப்போது தருவது நூலகர் மேடம், அவர் சம்பளத்தில் இருந்து. பிஸ்கட், டீ, வெள்ளைத்தாள், கலர் பென்சில், பரிசுக்கு நாலு நோட்டு, நவம்பர் 14இல் இருந்து 20 வரை நடக்கிற நூலக வார விழாவுக்கு மைக் செட் வாடகை. மீதியைக் கடைத்தெருவில் கேட்டு வாங்குகிறோம். மளிகைக்கடை அண்ணன் பிஸ்கட் தருவார், ஸ்டூடியோக்காரர் பாதி விலைக்கு ஜெராக்ஸ் போடுவார். நல்ல மனிதர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது, அவர்கள் கடையில் வியாபாரம் குறைந்த மாதத்தில் கேட்கவும் மனம் வராது. புரவலர் என்று ஆயிரம் ரூபாய் கட்டிச் சேர்கிற ஏற்பாடு நூலகத்தில் இருக்கிறது, நாங்களும் ஊரில் பல பேரைச் சேர்த்துவிட்டிருக்கிறோம். அந்தப் பணம் முறைப்படி கணக்கில் சேர்ந்துவிடும், அடுத்த வாரக் கதை நேரத்துக்கு அதில் இருந்து எடுத்துச் செலவு செய்ய முடியாது. நூலகத்துக்கு வருகிற நிதி புத்தகம், பத்திரிகை, வாடகை, மின்சாரம், சம்பளம் என்று போய்விடுகிறது. நிகழ்ச்சிக்கு என்று ஒரு கணக்குத் தலைப்பு கிளை நூலகத்தின் கையில் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் நாம் பணம் கட்டாமல் இல்லை. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. ஆயிரம் ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் நூறு ரூபாய் நூலகத்துக்குக் கட்டுகிறார். ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார், மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார், வாடகைக்கு இருப்பவர்கள் வாடகையோடு சேர்த்து மறைமுகமாகக் கட்டுகிறார்கள். சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கு என்று முதலில் சட்டம் போட்டது அன்றைய சென்னை மாகாணம்தான், 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, ரங்கநாதனின் முயற்சியால். நூலகத்துக்கு அரசு பார்த்துக் கொடுப்பது மட்டும் போதாது, ஊருக்கு ஊர் நிச்சயமான வருமானம் ஒன்று வேண்டும் என்று யோசித்து வரியையும் அந்தச் சட்டத்திலேயே வைத்தார்கள். எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள்!

வரியை வசூல் பண்ணுவது உள்ளாட்சி. வசூலித்ததை, மாவட்டத்து நூலகங்களை நிர்வகிக்கிற மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். மாநகராட்சிகளும் நகராட்சிகளும் கோடிக்கணக்கில் நிலுவை வைத்திருக்கிறார்கள் என்று வருடக்கணக்காகச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. நூலகத்துக்கு என்று பெயர் சொல்லி வாங்கிய பணத்தை வேறு செலவுக்கு வைத்துக்கொள்வது எந்த ஊராக இருந்தாலும் நியாயமே இல்லை. குடிதண்ணீர் வரியை நாம் ஒரு தவணை விட்டால் இணைப்பைத் துண்டிக்க ஆள் வருகிறது.

சரி, எவ்வளவு கேட்கிறோம்? ஒரு கிளை நூலகத்துக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய். வருடத்துக்கு 24,000. தமிழ்நாட்டில் கிளை நூலகங்கள் சுமார் 1,900 இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் சேர்த்தாலும் வருடத்துக்கு நாலரைக் கோடி சொச்சம்தான் வரும். மாநிலம் முழுக்க வசூலாகிற நூலக வரியில் இந்த நாலரைக் கோடியை ஒதுக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது என்றுதான் நினைக்கிறேன். முக்கியமான விஷயம், ஒவ்வொரு பென்சிலுக்கும் மாவட்டத்துக்குக் கோப்பு அனுப்பி அனுமதி வாங்கச் சொல்லக் கூடாது. நூலகர் செலவு செய்யட்டும், வாசகர் வட்டத்தில் இரண்டு பேர் பில்லில் கையெழுத்துப் போடட்டும், கணக்கை நூலக அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டட்டும். ஊரே படித்துப் பார்க்கிற இடம் அது, அதைவிடத் தணிக்கை வேறென்ன வேண்டும்?

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். அங்கே நூலகங்களை ஊர் மக்களே நடத்துகிறார்கள், மாநில நூலகக் கவுன்சில் தரம் பிரித்து வருடா வருடம் மானியம் தருகிறது. எத்தனை புத்தகம் இருக்கிறது என்பதோடு என்னென்ன நிகழ்ச்சி நடந்தது என்பதும் அந்தத் தரத்தில் சேர்கிறது. பிள்ளைகளுக்கு பாலவேதி, பெண்களுக்கு வனிதாவேதி என்று நூலகத்துக்குள்ளேயே தனி அமைப்பு. 1945இல் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கத்தில் இருந்து வந்தது இது, அவர் இறந்த ஜூன் 19ஐ இன்றைக்கும் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். நம்முடைய ஏற்பாடு வேறு, நம்முடையது அரசு நூலகம், நூலகருக்கு அரசுச் சம்பளம். அதை மாற்றச் சொல்லவில்லை, அது நமக்குப் பலம். நிகழ்ச்சியும் நூலக வேலைதான் என்று எழுத்தில் ஏற்றுக்கொண்டு அதற்குப் பணம் வைக்கிற அந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நூலகர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊர்ப்புற நூலகர்கள் இன்னும் முறையான காலமுறை ஊதியத்துக்காகக் கோரிக்கை வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பல கிளைகளில் ஒரே ஆள்தான், புத்தகம் கொடுப்பது, வாங்குவது, பெருக்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர்தான். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் கதவு திறக்காது, கதை நேரமும் கிடையாது. மூடியிருக்கிற கதவைத் தட்டிவிட்டு, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே என் கடையில் வந்து "மேடம் எப்ப வருவாங்க அக்கா" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வது? சனி, ஞாயிறுக்கு மட்டுமாவது ஓர் உதவியாளர் வேண்டும். தொகுப்பூதியத்தில் ஊருக்குள்ளேயே படித்த பெண்கள் எத்தனையோ பேர் கிடைப்பார்கள், அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள்.

கழிப்பறை பற்றி ஒரே வார்த்தை. மூன்று மணி நேரம் மாதிரித் தேர்வு எழுத வருகிற பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். எங்கள் நூலகத்தில் இருப்பது கதவு ஒழுங்காகச் சாத்தாத ஒன்று, அதற்கும் தண்ணீர் வசதி இல்லை. மனு கொடுத்தாகிவிட்டது, பார்க்கிறோம் என்றார்கள்.

சத்தம் வருகிறது என்று சில பெரியவர்கள் குறைப்படுவதும் எனக்குத் தெரியும். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அமைதியாகப் படிக்க வேறு இடம் இல்லாதவர்கள் அவர்கள். ஒரே கூடமாக இருக்கிற நூலகத்தில் ஒரு மூலைக்குத் தடுப்புப் போட்டாலே பாதிச் சிக்கல் தீரும். அதுவரைக்கும் மத்தியான நேரம் இருக்கிறது, மேடம் அந்த நேரத்தைத் தன் சாப்பாட்டு நேரத்தில் இருந்து எடுத்துத் தருகிறார் என்பதை மட்டும் அதிகாரிகள் மறந்துவிட வேண்டாம்.

புத்தகத் திருவிழா இப்போது எல்லா மாவட்டத்திலும் நடக்கிறது, பிள்ளைகளோடு நாங்களும் போகிறோம், உண்டியலில் சேர்த்த காசில் வாங்கி வருகிறோம். அது சில நாளில் முடிந்து பந்தலைப் பிரித்துவிடுவார்கள். வருடம் முழுக்க வாசிக்க வைப்பது கிளை நூலகம்தான், அதுவும் காசு கொடுத்துப் புத்தகம் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளை. பந்தலுக்குச் செலவழிக்கிற அதே மனதோடு கிளை நூலகத்துக்கும் செலவழிக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

ஆசிரியரே, உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோயில் விசேஷம், மின்தடை அறிவிப்பு எல்லாம் மாவட்டப் பக்கத்தில் நாள் தவறாமல் போடுகிறீர்கள். அதே பக்கத்தில் வெள்ளிக்கிழமைதோறும் இந்த வாரம் எந்த ஊர் நூலகத்தில் என்ன நிகழ்ச்சி, எத்தனை மணிக்கு என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். நூலகர்கள் அனுப்பி வைப்பார்கள், எங்கள் ஊர்த் தகவலை வாராவாரம் அனுப்ப நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன். பக்கத்து ஊர்க்காரர்கள் வருவார்கள், பேச ஆள் வேண்டும் என்றால் அவர்களிலேயே கிடைப்பார்கள். அப்படியே உங்கள் நிருபர்களிடம் சொல்லி, ஒவ்வொரு பேரூராட்சியும் நகராட்சியும் போன நிதியாண்டில் எவ்வளவு நூலக வரி வசூலித்தது, அதில் எவ்வளவு ஆணைக்குழுவுக்குக் கட்டியது என்று ஊர்வாரியாக வாங்கிப் போட்டால் பெரிய உதவியாக இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் எங்கள் ஊருக்கு மட்டும் நாங்களே மனு எழுதிவிட்டோம், பதில் வந்ததும் நகல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்,
காவிரி டெல்டா